பெங்களூரில் தொற்றுநோய் ஆய்வுப் படிப்பு: கோர்ஸ்வொர்க், லேப் பயிற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன், ஜூலை வந்துவிட்டால் என் போனுக்கு ஓய்வே கிடையாது. "அக்கா, பெங்களூர்ல பிஹெச்டி இன்டர்வியூ வந்திருக்கு, கோர்ஸ்வொர்க்குன்னா என்னக்கா?" என்று மதுரை, திருச்சி, கோவைப் பக்கத்துத் தம்பி தங்கைகள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரே பதிலை வாய்ஸ் மெசேஜில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போனதால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் காசநோய்க் கிருமியில் வேலை செய்பவள், இது ஐந்தாவது வருடம். அதனால் உதாரணங்கள் அந்தப் பக்கமே சாயும். டெங்கு, ரேபிஸ், மலேரியா என்று போகிறவர்கள் கொஞ்சம் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் இந்தப் படிப்பு எங்கெங்கே இருக்கிறது?

முதலில் ஒன்று. "தொற்றுநோயியல் முனைவர் பட்டம்" என்று போர்டு மாட்டிய படிப்பைத் தேடினால் அதிகம் கிடைக்காது. பட்டத்தில் உயிரியல் என்றோ வாழ்வியல் அறிவியல் என்றோ இருக்கும். நீங்கள் எந்த நோயில் வேலை செய்கிறீர்கள் என்பதைச் சேரும் லேப்தான் தீர்மானிக்கும்.

இந்திய அறிவியல் கழகத்தில் நுண்ணுயிரியல் மற்றும் செல் உயிரியல் துறையும், தொற்றுநோய் ஆய்வுக்கென்றே ஒரு மையமும் இருக்கின்றன. ஆட்டோக்காரரிடம் ஐஐஎஸ்சி என்று சொல்வதைவிட "டாடா இன்ஸ்டிட்யூட்" என்றால் சட்டென்று புரியும். 1909-ல் தொடங்கியது, ஊர்க்காரர்கள் வாயில் இன்றும் அந்தப் பெயர்தான். பல்லாரி சாலையில் ஜிகேவிகே வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் என்சிபிஎஸ் (தேசிய உயிரியல் அறிவியல் மையம்), ஜக்கூரில் ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையம். மூளையைத் தாக்கும் வைரஸ்கள், ரேபிஸ் என்று ஆசை இருந்தால் ஓசூர் சாலையில் மனநலம், நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸின் நியூரோவைராலஜி துறை. கால்நடை நோய்கள் பக்கம் போக நினைப்பவர்கள் எலஹங்காவில் உள்ள நிவேதி நிறுவனத்தைப் பாருங்கள். கால்நடை மருத்துவம் படித்த நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு அப்படி ஒரு இடம் இருப்பதே தெரிவதில்லை.

உள்ளே நுழைய என்ன வேண்டும்?

சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் (ஜூனியர் ஆய்வு உதவித்தொகை), மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையான டிபிடியின் பெட் தேர்வு, கேட் (GATE) தேர்வு. இவற்றில் ஏதாவது ஒன்று கையில் இருந்தால் பெரும்பாலான கதவுகளைத் தட்டலாம். நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும், வருடத்துக்கு வருடமும் மாறும். அந்தந்த வருட அறிவிப்பை மட்டும் நம்புங்கள், என்னைக்கூட நம்பாதீர்கள். இன்டர்வியூவில் எம்.எஸ்சி. பிராஜெக்ட்டைத்தான் துருவுவார்கள். "இந்த பஃபரில் உப்பு எதற்கு?" என்று கேட்டு, "புரோட்டோகாலில் இருந்தது சார்" என்று பதில் சொல்லி வெளியே வந்தவர்கள் நிறையப் பேர்.

கோர்ஸ்வொர்க் என்றால் என்ன? எத்தனை நாள்?

ஆராய்ச்சியில் முழுதாக இறங்குவதற்கு முன் வகுப்பில் உட்கார்ந்து படித்து, தேர்வு எழுதிப் பாஸாக வேண்டிய பாடங்கள்தான் கோர்ஸ்வொர்க். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022-ஆம் ஆண்டு விதிப்படி குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும், 55 சதவீத மதிப்பெண் வேண்டும். ஆராய்ச்சி அறம், வெளியீட்டு அறம் பற்றிய பாடம் கட்டாயம். பொதுவாக ஒரு செமஸ்டரிலிருந்து ஒரு வருடம் வரை ஓடும். சில இடங்களில் காலையில் வகுப்பு, மதியம் லேப் என்று இரண்டும் ஒன்றாகவே நடக்கும்.

எம்.எஸ்சி.யில் படித்ததைத்தானே திரும்பப் படிக்கப்போகிறோம்?

நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் இம்யூனாலஜி தேர்வில் அந்த நினைப்பு போய்விட்டது. "டி செல்லின் வகைகளை விவரி" என்று கேள்வி வரும் என்று மனப்பாடம் செய்துகொண்டு போனேன். தாளில் ஒரு ஆய்வுக் கட்டுரையின் படம் மட்டும் இருந்தது. தலைப்பு மறைக்கப்பட்டிருந்தது. கேள்விகள் மூன்றே மூன்று: இந்தப் பரிசோதனை எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை, எந்தக் கன்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் சோதனை) விடுபட்டிருக்கிறது? எனக்கு 50-க்கு 19. கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கியவள் என்று வீட்டில் மாட்டியிருந்த போட்டோவை நினைத்துக்கொண்டேன்.

பாடங்களின் பெயர் பழசாகத்தான் இருக்கும்: நுண்ணுயிரியல், இம்யூனாலஜி, மூலக்கூறு உயிரியல், கிருமிக்கும் உடலுக்கும் நடக்கும் மல்லுக்கட்டு, கொள்ளைநோயியல், புள்ளியியல், பயோஇன்ஃபர்மேடிக்ஸ். கேட்கும் விதம்தான் வேறு. அதற்குப் பழக ஒரு வழி இருக்கிறது. வாரத்துக்கு ஒரு ஆய்வுக் கட்டுரையை எடுத்துக்கொண்டு முடிவுரையைப் படிக்காமல் படங்களை மட்டும் பார்த்து நீங்களே முடிவு எழுதுங்கள். அப்புறம் ஆசிரியர்கள் எழுதியதோடு ஒப்பிடுங்கள். ஊரில் இருக்கும்போதே, சேர்வதற்கு முன்பே தொடங்கலாம். காசு செலவில்லை.

புள்ளியியல் என்றாலே பயமாக இருக்கிறது. தப்பிக்க வழி உண்டா?

இல்லை. ஆனால் பயப்படும் அளவுக்கும் இல்லை. ஒரு கணக்கை மட்டும் இங்கே போட்டுக் காட்டுகிறேன், எங்களுக்கு முதல் வகுப்பில் போட்டதுதான்.

ஒரு நோய்க்கு ஒரு சோதனை இருக்கிறது. நோய் உள்ளவர்களில் 95 சதவீதம் பேரைச் சரியாகப் பிடிக்கும். நோய் இல்லாதவர்களில் 95 சதவீதம் பேருக்குச் சரியாக "இல்லை" என்று சொல்லும். கேட்க அருமையாக இருக்கிறது, இல்லையா? இப்போது 10,000 பேர் உள்ள ஊரில் 100 பேருக்கு நோய் என்று வையுங்கள். அந்த 100 பேரில் 95 பேருக்குப் பாசிட்டிவ் வரும். மீதி 9,900 பேருக்கு நோயே இல்லை, ஆனால் அவர்களில் 5 சதவீதம், அதாவது 495 பேருக்கும் பாசிட்டிவ் வந்துவிடும். மொத்தம் 590 பாசிட்டிவ், அதில் உண்மையான நோயாளி 95 பேர். நூற்றுக்குப் பதினாறு! வகுப்பில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. கொரோனா நேரத்தில் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதவர்களும் சிரித்தவர்களும் எல்லோர் வீட்டிலும் இருந்தார்களே, அந்த ஞாபகம்தான் எல்லோருக்கும் வந்திருக்கும்.

இன்னொன்று, லேப்பில் எல்லோரும் ஒரு முறையாவது செய்யும் தப்பு. ஒரே குழாயில் வளர்த்த கிருமியை, அதாவது கல்ச்சரை, சோதனைத் தட்டின் மூன்று கிணறுகளில் (சின்னக் குழிகளில்) ஊற்றி அளந்துவிட்டு "மூன்று முறை செய்தேன்" என்று எழுதுவது. ஒரே சட்டி சாம்பாரை மூன்று கிண்ணத்தில் ஊற்றி ருசி பார்த்துவிட்டு மூன்று நாள் சமைத்தேன் என்று சொன்னால் வீட்டில் ஒத்துக்கொள்வார்களா? தனித்தனி நாளில், தனித்தனியாக வளர்த்த கல்ச்சரில் செய்தால்தான் மூன்று.

கணினிக்கு ஆர் அல்லது பைத்தான் என்ற நிரல் மொழிகளில் ஏதாவது ஒன்று போதும். இரண்டையும் அரைகுறையாகக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

கொள்ளைநோயியல் எதற்கு? நான் லேப்பில்தானே இருக்கப்போகிறேன்?

நான் கேட்ட வகுப்புகளில் எனக்குப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுவேன். கர்நாடகத்திலேயே பிறந்த ஒரு உதாரணம் இருக்கிறது. 1957-ல் ஷிமோகா மாவட்டத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. பக்கத்து ஊர்களில் மனிதர்களுக்குக் கடும் காய்ச்சல். புது வைரஸ் என்று தெரிந்தது, காட்டில் உள்ள உண்ணிகள் வழியே பரவுகிறது என்றும் தெரிந்தது. கன்னடத்தில் இதை "மங்கன காயிலே" என்பார்கள், குரங்குக் காய்ச்சல். இப்போதும் அந்தப் பக்கத்து மலைநாட்டில் வருடா வருடம் தலைகாட்டுகிறது. இந்த நோயைப் பற்றி செமினார் கொடுத்தபோது வைரஸின் மரபணுவைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். முடிந்ததும் பேராசிரியர் கேட்டார்: "காட்டுக்குள் யார் போகிறார்கள்? எந்த மாதத்தில்? எதற்கு?" எனக்குத் தெரியவில்லை. சுள்ளி பொறுக்க, மாடு மேய்க்கப் போகிறவர்கள், மழை விட்ட பிறகு, உண்ணிக் குஞ்சுகள் பெருகும் மாதங்களில். நோய் யாருக்கு வரும் என்பதை இந்த மூன்று கேள்விகளே பாதி சொல்லிவிடுகின்றன.

முதல் நாளிலேயே காசநோய்க் கிருமியைக் கையில் கொடுத்துவிடுவார்களா?

மாட்டார்கள், நீங்கள் கெஞ்சினாலும். லேப்களுக்கு ஆபத்தின் அளவுப்படி நான்கு நிலைகள் உண்டு. பிஎஸ்எல் (உயிர்ப்பாதுகாப்பு நிலை) என்பார்கள். பிஎஸ்எல்-1 என்பது சாதாரண இ. கோலை பாக்டீரியா வகைகளுக்கு. டெங்கு வைரஸை பிஎஸ்எல்-2-இல் கையாளலாம். காசநோய்க் கிருமியை வளர்க்க பிஎஸ்எல்-3 வேண்டும், கொரோனா வைரஸை வளர்க்கவும் அதுவே. நிபா போன்றவற்றுக்கு பிஎஸ்எல்-4. அப்படிப்பட்ட நம் நாட்டின் முதல் லேப் 2012-ல் புனே தேசிய வைராலஜி நிறுவனத்தில் வந்தது.

காசநோய் லேப்பில் சேர்ந்தால் முதலில் அதன் சாதுவான உறவுக்காரனைக் கொடுப்பார்கள், மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாடிஸ். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும், மூன்று நாளில் பிளேட்டில் பார்த்துவிடலாம். அடுத்தது பிசிஜி, நம் எல்லோர் தோளிலும் தழும்பு போட்ட அதே தடுப்பூசிக் கிருமி. அதில் கை படிந்த பிறகுதான் உண்மையான காசநோய்க் கிருமி. அது ஒரு முறை இரட்டிக்கவே கிட்டத்தட்ட ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். இ. கோலைக்கு 20 நிமிடம். இ. கோலை லேப்பில் இருக்கும் உங்கள் நண்பன் ஒரு வாரத்தில் செய்யும் வேலைக்கு உங்களுக்கு இரண்டு மாதம் ஆகும். சேரும் முன்பே இதை மனதில் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு புலம்பக் கூடாது.

லேப் பயிற்சி என்று உண்மையில் என்ன கற்றுத் தருவார்கள்?

பெரிய பெரிய கருவிகள் என்று கனவு காண்பீர்கள். முதல் மாதம் நான் கற்றது: பைப்பெட் (சொட்டுச் சொட்டாக அளந்து எடுக்கும் கருவி) பிடிப்பது, மீடியா (கிருமிக்கான சாப்பாடு) காய்ச்சுவது, குப்பையைப் பிரிப்பது. மூன்றுமே தெரியும் என்று நினைத்திருந்தேன். பைப்பெட்டைச் சோதிக்க, தராசின் மேல் சின்னக் கிண்ணத்தை வைத்து 100 மைக்ரோலிட்டர் தண்ணீரைப் பத்து முறை விடச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் 100 மில்லிகிராம் வர வேண்டும். எனக்கு 91, 104, 97 என்று தறிகெட்டு ஓடியது. கட்டைவிரலைச் சட்டென்று விட்டால் காற்று உள்ளே போய்விடும், மெதுவாக விட வேண்டும். எம்.எஸ்சி. முடித்தவளுக்கு இதை யாரும் அதுவரை சொல்லித் தரவில்லை.

ஹுட் (காற்றோட்டம் உள்ள வேலைப் பெட்டி) விஷயம் இன்னும் முக்கியம். கல்லூரிகளில் நாம் "லாமினார்" என்று பழகிய மேசையில், காற்று பின்னாலிருந்து நம் முகத்தை நோக்கி வீசும். அது மீடியாவைக் காப்பாற்றும், நம்மைக் காப்பாற்றாது. அதில் நோய்க்கிருமியைத் திறந்தால் கிருமி நேராக நம் மூக்குக்கு வரும். நோய்க்கிருமி வேலைக்கு வேண்டியது கிளாஸ் 2 பாதுகாப்புப் பெட்டி. அதில் முன்பக்கக் கம்பித்தட்டு வழியே காற்று உள்ளே இழுக்கப்பட்டு வடிகட்டப்படும். அந்தக் கம்பித்தட்டின் மேல் நோட்டையோ முழங்கையையோ வைத்து அடைத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு அவ்வளவுதான். உள்ளே புன்சன் பர்னர் எரிப்பதும் கூடாது, சூட்டில் காற்றோட்டம் கலைந்துவிடும். கல்லூரியில் பர்னர் இல்லாமல் பிளேட்டைத் திறந்தால் திட்டு வாங்கிய நமக்கு, கை தானாக லைட்டரைத் தேடும்.

ஆட்டோகிளேவ் 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம் என்று ஒப்பிக்கத் தெரியும். ஆனால் மேலே ஒட்டும் டேப்பில் கறுப்புக் கோடு வந்துவிட்டால் சுத்தமாகிவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். கோடு, வெளிப்பக்கம் சூடு பட்டது என்பதை மட்டும்தான் சொல்லும். திணித்துக் கட்டிய பைக்குள் நடுவே சூடு போனதா என்று அறிய, வெப்பத்தைத் தாங்கும் ஸ்போர் குப்பியை உள்ளே வைத்து, அது செத்ததா என்று பார்க்க வேண்டும். ஸ்பிரிட்டும் அப்படித்தான். 100 சதவீத எத்தனாலைவிட 70 சதவீதமே நன்றாகக் கொல்லும், புரதத்தைச் சிதைக்கத் தண்ணீரும் வேண்டும்.

எனக்குப் பிடித்த வேலை எல்ஜே மீடியா செய்வது. காசநோய்க் கிருமியை வளர்க்கும் பழைய மீடியா, அதில் கோழிமுட்டைதான் முக்கியச் சரக்கு. ஆன்டிபயாட்டிக் போடாத கோழியின் முட்டையாகப் பார்த்து வாங்க வேண்டும், மருந்து மிச்சம் இருந்தால் கிருமி வளராது. ஓட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, உடைத்து, அடித்து, துணியில் வடிகட்டி, பச்சைச் சாயம் சேர்த்து, குழாய்களைச் சாய்த்து வைத்து 80 டிகிரிக்கு மேல் உறைய வைப்போம். வீட்டில் ஆம்லெட் போடத் தெரியாதவள் என்று பெயர் எடுத்த நான் ஒரே நாளில் ஐந்து டஜன் முட்டை உடைத்தேன். அம்மாவுக்குப் போட்டோ அனுப்பினேன். "இதுக்கா இவ்வளவு படிச்ச?" என்று பதில் வந்தது.

வைரஸ் பக்கம் போகிறவர்களுக்கு, வைரஸை எண்ணும் பிளாக் அஸே. பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ செல்களை விரிப்பாக வளர்த்து, நீர்த்த வைரஸை ஊற்றி, மேலே ஜெல் போர்த்தி, டெங்கு என்றால் ஐந்தாறு நாள் காத்திருந்து ஊதாச் சாயம் ஏற்றுவார்கள். வைரஸ் செல்லைக் கொன்ற இடமெல்லாம் ஊதாப் புடவையில் விழுந்த ஓட்டை மாதிரி வெள்ளையாகத் தெரியும். ஒரு லட்சம் மடங்கு நீர்த்ததில் 0.1 மில்லி ஊற்றி 40 ஓட்டை வந்தால், மூலக் கரைசலில் மில்லிக்கு 4 கோடி. இந்தக் கணக்கில் பூஜ்யத்தை விடாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

தப்பு நடந்தால் வெளியே அனுப்பிவிடுவார்களா?

இல்லை. மறைத்தால்தான் பிரச்சினை. என் கதையைச் சொல்கிறேன். முதல் முறை பிசிஜி பிளேட்டுகள் போட்டு, 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்துவிட்டு, நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து 21-ஆம் நாள் திறந்தால், பிளேட்டில் இருந்தது அப்பளம். பாராஃபில்ம் சுற்றி ஓரத்தை மூட மறந்திருந்தேன். அகார் முழுக்கக் காய்ந்து, ஓரம் சுருண்டு, தட்டிப் பார்த்தால் சத்தம் கேட்டது. லேப் மீட்டிங்கில் அதையே படமாகப் போட்டுக் காட்டினேன். கைடு சிரித்துவிட்டு, "கிருமி போடாத பிளேட்டையும் ஒன்று வைத்தாயா?" என்று கேட்டார். வைக்கவில்லை. அதற்குத்தான் திட்டு விழுந்தது, அப்பளத்துக்கு விழவில்லை.

கன்ட்ரோல் இல்லாத முடிவை யாரும் பார்க்கக்கூட மாட்டார்கள். கிருமி போடாத பிளேட், மருந்து போடாத குழாய், டிஎன்ஏ சேர்க்காத பிசிஆர் கிணறு. இந்தக் கடைசிக் கிணற்றிலும் கோடு எழும்பினால் உங்கள் அழகான முடிவு முழுக்கக் குப்பை. எழும்பியது என்று நீங்களே முதலில் சொல்ல வேண்டும். லேப் நோட்டில் பேனாவால், தேதியோடு, மீடியா பாட்டிலின் லாட் எண்ணோடு (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று சொல்லும் எண்) எழுதுங்கள். தப்பானதை ஒரே கோட்டால் அடியுங்கள், அழிக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து ஒரு பரிசோதனை திடீரென்று வேலை செய்யாமல் போகும்போது, அந்த லாட் எண்தான் கைகொடுக்கும்.

பிஎஸ்எல்-3 எப்படி இருக்கும்?

உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருக்கும், கதவைத் திறந்தால் காற்று உள்நோக்கித்தான் போகும். கவுன், இரட்டைக் கையுறை, என்-95 அல்லது காற்று ஊதும் தலைக்கவசம். முகக்கவசம் கன்னத்தில் ஒட்டிப் பிடிக்கிறதா என்று சோதிப்பார்கள். தாடி வைத்த தம்பிகள் பலர் அந்த ஒரு நாளில்தான் தாடியைத் துறக்கிறார்கள். தனியாக வேலை செய்ய விடமாட்டார்கள், கூட ஒருவர் வேண்டும். பயிற்சியின்போது கிருமியே கிடையாது. கலர்த் தண்ணீரை வைத்து எல்லா வேலையும் செய்யச் சொல்வார்கள். முடிந்ததும் கையுறையிலும் கவுனிலும் எங்கெங்கே சொட்டு விழுந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். என் இடது மணிக்கட்டில் மூன்று சிவப்புச் சொட்டு. கவனமாகச் செய்தேன் என்று சத்தியம் செய்திருப்பேன்.

நோட்டு வெளியே வராது, போனும் உள்ளே போகாது. போகும் முன் டீ குடிக்காதீர்கள். உள்ளே மூன்று மணி நேரம் ஆனாலும் நடுவில் வர முடியாது.

அம்மா அப்பா பயப்படுகிறார்கள். வீட்டுக்குக் கிருமியைக் கொண்டுவந்துவிடுவோமா?

எங்கள் வீட்டில் பாட்டி ஒரு வருடம் என்னைச் சமையலறைக்குள்ளேயே விடவில்லை. அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: உடை, கையுறை, காற்று, குப்பை எல்லாம் உள்ளேயே நின்றுவிடும். குப்பை ஆட்டோகிளேவ் ஆகாமல் வெளியேறாது. பேருந்தில் பக்கத்தில் இருமுகிறவரிடம் இருக்கும் ஆபத்து எங்கள் லேப்பில் கிடையாது. பாட்டி நம்பினாரா என்று கேட்காதீர்கள்.

நிஜமான ஆபத்து அவசரமும் ஊசியும். ஊசியை மூடி போட்டுத் திரும்ப மூடக் கூடாது. குத்திவிட்டால் பிழியாமல் சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே சொல்ல வேண்டும். மனித ரத்தம் என்றால் எச்ஐவி தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. "மேடம் திட்டுவாங்களோ" என்று ஒரு இரவு காத்திருப்பது முட்டாள்தனம். ரத்த மாதிரியோடு வேலை என்றால் சேர்ந்தவுடனே ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுங்கள். ரேபிஸ் லேப் என்றால் முன்கூட்டியே போடும் ரேபிஸ் ஊசி.

அறநெறிப் பாடம் வெறும் சடங்கா?

தூங்க வசதியான வகுப்பு என்றுதான் பெயர். ஆனால் ஒரு கதையை நினைத்துப் பாருங்கள். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்ன யோசனைப்படி, தன் ஆய்வேட்டுக்காகப் பாலியல் தொழிலாளிகளின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வசதி எதுவும் இல்லை, சீரத்தை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். வேலூர் சிஎம்சியில் சோதித்தபோது 6 மாதிரிகள் பாசிட்டிவ். இந்தியாவில் எச்ஐவி இருப்பது அப்படித்தான் வெளியே தெரிந்தது. ஒரு தமிழ் மாணவியின் ஆய்வேடு! இன்று அதே வேலைக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி, கையெழுத்திட்ட ஒப்புதல், மாதிரியின் மேல் பெயருக்குப் பதில் எண் என்று எல்லாம் வேண்டும். மரபணு மாற்றிய கிருமி என்றால் உயிர்ப்பாதுகாப்புக் குழு, எலி என்றால் விலங்கு நெறிமுறைக் குழு. அனுமதிக்கே மாதங்கள் ஓடும், முதல் வருடத்திலேயே விண்ணப்பத்தை எழுதத் தொடங்குங்கள்.

நான் தமிழ் மீடியம். சமாளிக்க முடியுமா?

பன்னிரண்டாம் வகுப்பு வரை நானும் தமிழ் மீடியம்தான். நொதி, குருதி, நோய் எதிர்ப்பாற்றல் என்று படித்த விஷயம் எங்கும் போய்விடாது, பெயர்தான் மாறும். கஷ்டம் செமினாரில்தான், அதுவும் கேள்வி நேரத்தில். எனக்கு உதவியது ஒன்று. பேசப்போகும் பத்து நிமிடத்தை முதலில் தமிழில் விடுதித் தோழிக்கு விளக்குவேன். அவள் இயற்பியல் படிப்பவள். அவளுக்குப் புரிந்தால், ஆங்கிலத்தில் தடுமாறினாலும் உள்ளே குழப்பம் இருக்காது.

கன்னடமும் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். லேப்பை உண்மையில் ஓட்டுபவர்கள் டெக்னீஷியன் அண்ணன்மாரும் ஆட்டோகிளேவ் அறை அக்காமாரும்தான். "ஊட்டா ஆய்தா?" (சாப்பிட்டாச்சா?) என்று கேட்டுப் பாருங்கள், உங்கள் பாட்டில்கள் முதலில் வெளியே வரும். அல்சூர், சிவாஜிநகர் பக்கம் தமிழிலேயே காலம் தள்ளலாம், அது வேறு விஷயம்.

பணம்?

2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து எஸ்ஆர்எஃப் (சீனியர் உதவித்தொகை) ஆனால் 42,000. விடுதி இல்லையென்றால் வீட்டு வாடகைப்படி தனி. ஆனால் மாதா மாதம் ஒண்ணாம் தேதி வரும் என்று கணக்குப் போடாதீர்கள். எனக்கு ஒரு முறை ஐந்து மாதம் வராமல், மொத்தமாக வந்தது. மூன்று மாதச் செலவுக்காவது கையில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

காம்ப்ரி என்று பயமுறுத்துகிறார்களே?

கோர்ஸ்வொர்க் முடிந்ததும், முதல் அல்லது இரண்டாம் வருடத்தில், நான்கைந்து பேராசிரியர்கள் உட்கார்ந்து கேட்கும் வாய்மொழித் தேர்வு. உங்கள் ஆய்வுத் திட்டத்தில் தொடங்கி பள்ளிப் பாடம் வரை போவார்கள். என்னிடம் கடைசிக் கேள்வி, "அகாரை ஏன் 37 டிகிரியில் வைத்தும் உருகவில்லை?" என்பது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர்கள் பாஸ் ஆனார்கள். சமாளித்தவர்களைத்தான் மறுபடி வரச் சொன்னார்கள்.

நடுவில் கல்யாணம், குழந்தை என்று வந்தால்?

பெண் பிள்ளைகள் தயங்கித் தயங்கி, கடைசியாகக் கேட்கும் கேள்வி இது. யுஜிசி விதிப்படி மகப்பேறு விடுப்பு 240 நாள் வரை உண்டு. வழக்கமான 6 வருட வரம்புக்கு மேல் மறுபதிவு செய்தால் கிடைக்கும் நீட்டிப்போடு, பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு வருடமும் உண்டு. கர்ப்பம் என்று தெரிந்ததும் கைடிடம் சொல்லி பிஎஸ்எல்-3 வேலையை நிறுத்திக்கொள்ளுங்கள். எழுதுவது, டேட்டா அலசுவது, ஸ்மெக்மாடிஸ் வேலை என்று மாற்றிக்கொள்ளலாம். விதி தாளில் இருக்கிறது, அதை மதிக்கும் கைடா என்பதைச் சேரும் முன்பே அந்த லேப்பின் சீனியர் அக்காக்களிடம் தனியாகக் கேட்டுவிடுங்கள். ஆய்வுத் தலைப்பைவிட இந்த விசாரிப்பு முக்கியம் என்பேன்.

முதல் நாள் என்ன எடுத்துக்கொண்டு வர வேண்டும்?

விரலை மூடும் ஷூ. செருப்போடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். பருத்தித் துணி உடுத்துங்கள், துப்பட்டா வேண்டாம். தலைமுடியைக் கட்ட ரப்பர் பேண்டு. தயிர்சாதத்தை எடுத்து வாருங்கள், ஆனால் லேப் ஃபிரிட்ஜ் பக்கம் போகக் கூடாது, சாப்பாட்டு அறையில் வேறு இருக்கிறது. பெர்மனன்ட் மார்க்கர் இரண்டு. பெயர்தான் பெர்மனன்ட், ஸ்பிரிட் பட்டால் அழிந்துவிடும், அதனால் பென்சிலும் ஒன்று. பிளேட்டில் பெயர் எழுதும்போது மூடியில் எழுதாதீர்கள், அடிப்பக்கம் எழுதுங்கள். பத்து பிளேட்டைத் திறந்து வைத்து வேலை செய்யும்போது மூடிகள் இடம் மாறும்.